எஸ்கிலின் கட்டைவிரல்

சோல்னா,
9 அக்டோபர் 2011

அன்புள்ள அக்காவுக்கு,

ஹால்வர் எழுதுகிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மருத்துவமனையில் கொடுத்த பயிற்சியைச் செய்கிறாயா, இல்லை, அந்தத் தாளைக் குளிர்பெட்டியில் ஒட்டிவைத்ததோடு சரியா? எனக்கு இரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. மற்றபடி குறையில்லை.

தாளில் எழுதியிருக்கிறானே, இவனுக்கு என்ன வந்தது என்று நினைப்பாய். இந்த விஷயத்தைப் பற்றி மின்னஞ்சலில் ஒரு வரிகூட எழுதக் கூடாது என்று வழக்கறிஞர் அம்மாள் உத்தரவு போட்டிருக்கிறார். எழுதினால் எதிர்த்தரப்பு கேட்டு வாங்கிவிடுமாம். தொடுதிரை போன் செய்தவன் பேனா தேடி அலைகிறேன், நன்றாகச் சிரித்துக்கொள்.

செய்தியில் நீயும் பார்த்திருப்பாய். விரலால் ஒரு இழுப்பு இழுத்துத் திரையைத் திறப்பது தங்கள் கண்டுபிடிப்பு என்று கடலுக்கு அப்பாலிருந்து ஒரு பெரிய நிறுவனம் ஐரோப்பா முழுக்க வழக்குப் போட்டுவருகிறது. மாட்டிக்கொண்ட நிறுவனம் பழைய குப்பையெல்லாம் கிளறி, எங்கள் வீத்ராவைக் கண்டுபிடித்திருக்கிறது. ஆமாம், பதினாறு பேர் வேலை பார்த்து, மூன்றே வருடத்தில் திவாலான அதே வீத்ரா! எங்கள் போனில்தான் அந்த இழுப்பு முதலில் வந்தது. ஜெர்மனியில் வசந்தகாலத்தில் விசாரணை. மாட்டிக்கொண்டவர்கள் பக்கம் நான் சாட்சி.

இதற்கு நடுவில் என்னுடன் வேலை பார்த்த யெஸ்பர், தான்தான் முதலில் யோசித்ததாகப் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்திருக்கிறான். பேருந்துச் சன்னலில் படிந்த பனியை விரலால் துடைத்தபோது தோன்றியதாம். கதை அளப்பதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

உன்னிடம் ஒரு உதவி. 2002 ஆகஸ்டில் உங்கள் வீட்டில் நடந்த இறால் விருந்துக்கு வீத்ராவின் சோதனைப் போனைக் கொண்டுவந்திருந்தேன், நினைவிருக்கிறதா? அன்று எடுத்த படங்களில் அந்தப் போன் தெரிவது ஏதாவது இருந்தால் அனுப்பு. வெளியாட்கள் அதைப் பார்த்தார்கள் என்பதற்கு அது ஆதாரம்.

உன் தம்பி,
ஹால்வர்


ஸ்வான்ஹோல்மன்,
30 அக்டோபர் 2011

அன்புள்ள தம்பிக்கு,

டீசா எழுதுகிறேன். முழங்காலுக்கு என்ன, இரண்டாவது காலோடு சண்டை போட்டுக்கொண்டு கூடவே வருகிறது. பள்ளி அடுப்படியில் எட்டு மணிநேரம் நின்றால் போதாதா, தனியாகப் பயிற்சி வேறேயா? நீ உப்பைக் குறை.

போன வாரம் புயலில் இரண்டு நாள் கார் ஏற்றிவரும் வண்டிப் படகு ஓடவில்லை. பிள்ளைகள் யாரும் பள்ளிக்கு வரவில்லை. நாற்பது பேருக்கு ஆக்கிய பட்டாணிக் கஞ்சியை ஆசிரியர்கள் நான்கு பேர் வீட்டுக்கு எடுத்துப்போனார்கள்.

படம் விஷயம். பெட்டிகள் மாடியில் இருக்கின்றன. உன் அத்தான் எஸ்கில் காலமான பிறகு நான் அவற்றைத் திறக்கவில்லை. எல்லாப் படத்திலும் அவர்தான் இருக்கிறார் என்று உனக்குத் தெரியும். எத்தனையோ விருந்து நடந்திருக்கிறது, எல்லாவற்றுக்கும் எதையாவது கொண்டுவந்து நீட்டியிருக்கிறாய். அது ஏன் அந்த ஒரு விருந்து?

பார்க்கிறேன். அவசரப்படுத்தாதே.

அன்புடன்,
டீசா


சோல்னா,
13 நவம்பர் 2011

அன்புள்ள அக்காவுக்கு,

உப்பைக் குறைத்துவிட்டேன், சாப்பாட்டில் ருசியும் குறைந்துவிட்டது. நீ நலமாக இருக்க வேண்டும்.

ஏன் அந்த விருந்து என்று கேட்டாய். வீத்ரா போன் இன்றைக்கும் சில பேரிடம் இருக்கிறது. ஆனால் அவற்றில் இருப்பதெல்லாம் பிறகு மாற்றிய நிரல். 'இந்த இழுப்பைப் பிற்பாடுதான் சேர்த்தீர்கள்' என்று எதிர்த்தரப்பு சொல்கிறது. இன்ன தேதியில் இருந்தது என்று நாம் காட்ட வேண்டும். அதுவும் நாங்கள் அறைக்குள் பார்த்தது கணக்கில் வராது. ரகசியம் காக்கிறேன் என்று கையெழுத்துப் போடாத வெளியாள் பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் அவர்கள் காப்புரிமை செல்லாமல் போகும்.

வழக்கறிஞர் அம்மாள் போனில் என்னைக் கேட்ட கேள்வியைக் கேள்: "அந்த விருந்துக்கு வந்தவங்க யாராவது ரகசிய ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாங்களா?" நான் சொன்னேன், "அம்மா, எல்லாரும் காகிதத் தொப்பி போட்டு, கழுத்துல துணி கட்டிக்கிட்டு, முழங்கை வரைக்கும் இறால் தண்ணி ஒழுக உட்கார்ந்திருந்தாங்க. அவங்ககிட்ட பேனாவைக் கொடுத்தா அதையும் உறிஞ்சியிருப்பாங்க." அவர் சிரிக்கவில்லை. 'கையெழுத்து இல்லை' என்று மட்டும் குறித்துக்கொண்டார்.

அத்தான் போனைப் பிடித்திருப்பதுபோல ஒரு படம் இருந்தால் மிகவும் நல்லது. மற்றதெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம்.

உன் தம்பி,
ஹால்வர்


ஸ்வான்ஹோல்மன்,
18 டிசம்பர் 2011

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாம் சுகம். உடம்பைப் பார்த்துக்கொள், பண்டிகைக்குப் பன்றித்தொடையை ஒரு கட்டு கட்டாதே.

பெட்டியைத் திறந்தேன். ஒரு சனிக்கிழமை முழுவதும் அதிலேயே போய்விட்டது. படம் கிடைத்தது, இத்துடன் வைத்திருக்கிறேன். பின்பக்கம் படம் கழுவிய கடையின் தேதி அச்சாகியிருக்கிறது, 26 ஆகஸ்ட் 2002. உன் வழக்கறிஞர் அம்மாள் இதற்காவது சிரிப்பாரா பார்.

ஒன்று கவனித்தாயா? படத்தில் எல்லாரும் தெளிவாக இருக்கிறார்கள். ஸ்தூரேயின் மூக்கில் ஒட்டியிருக்கிற சதகுப்பை இலைகூடத் தெரிகிறது. எஸ்கில் உன் போனை இடது கையில் பிடித்திருக்கிறார். அவர் முகம் தெளிவு, சட்டைப் பொத்தான் தெளிவு. வலது கட்டைவிரல் மட்டும் கலங்கியிருக்கிறது. நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.

அது 2002. படகில் அவரைக் குடிகாரன் என்றது 2003 இலையுதிர் காலம். ஒரு வருடத்துக்கும் மேல் இடைவெளி. உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. அலுவலகத்துக்கு யாரோ போன் செய்து, கேப்டன் கை நடுங்குகிறது, குடிக்கிறார் என்றார்கள். வரிசையில் நின்ற கார்க்காரர்கள் அத்தனை பேரும் பார்க்க ஸ்தூரே அவரை ஊதச் சொன்னான். படகுத்துறை அதிகாரி என்றால் அப்படித்தான் செய்ய வேண்டும், சரி. கருவியில் ஒன்றும் காட்டவில்லை. அதற்கு, "நல்லா மறைக்கிறான்" என்றார்கள். அடுத்த வாரமே துறை மேடையில் படகு இடித்தது. கரையிறக்கி, பனி உறைந்த பாதையில் உப்புத் தூவுகிற வேலை கொடுத்தார்கள். இருபத்தாறு வருடம் படகு ஓட்டிய மனிதருக்கு! இரண்டு வருடம் கழித்து நடுக்குவாதம் என்று டாக்டர் சொன்னபோதும், குடித்துக் குடித்து வந்தது என்றுதான் இந்தத் தீவில் பேசினார்கள். இன்றைக்கும் அப்படித்தான் பேசுகிறார்கள். அதைத் துடைக்காமல் சாகக் கூடாது என்று இருக்கிறேன்.

அதனால் கேட்கிறேன். அந்த விருந்தில் எல்லாரும் பாடியபோதுகூட நீ எழுந்திருக்காமல் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாய். படத்தில் ஓரமாக, சமையலறை ஜன்னலுக்குள் உன் முழங்கை தெரிகிறது. என்ன எழுதினாய்?

அன்புடன்,
டீசா


சோல்னா,
8 ஜனவரி 2012

அன்புள்ள அக்காவுக்கு,

படம் பத்திரமாக வந்து சேர்ந்தது. நன்றி. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே பனி குறைவு, மழை அதிகம். நடைபாதையெல்லாம் வழுக்குகிறது.

வழக்கறிஞர் அம்மாளுக்குப் படம் மிகவும் பிடித்துவிட்டது. யெஸ்பர் இப்போது தொலைக்காட்சியிலும் வந்துவிட்டான். பேருந்து எண்ணைக்கூடச் சொல்கிறான்! பின்லாந்தில் ஒருவர், ஜப்பானில் ஒருவர், தொண்ணூறுகளிலேயே செய்துவிட்டேன் என்று ஒரு பேராசிரியர், ஆளாளுக்கு முதல் நான்தான் என்கிறார்கள். ஒன்பது வருடமாக எந்த விருந்துக்குப் போனாலும் நானும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒத்துக்கொள்கிறேன்.

புத்தாண்டு உனக்கு நன்றாக இருக்கட்டும்.

உன் தம்பி,
ஹால்வர்


ஸ்வான்ஹோல்மன்,
29 ஜனவரி 2012

ஹால்வர்,

நான் நலம். மழையைப் பற்றி நான் கேட்கவில்லை.

நோட்டில் என்ன எழுதினாய்?

டீசா


சோல்னா,
4 மார்ச் 2012

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்கக்கூட எனக்கு இன்று வாய் வரவில்லை. இந்தக் கடிதத்தை ஐந்து முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

அன்று மாலை போனைக் கொண்டுவந்தபோது அதில் இழுப்பெல்லாம் இல்லை. திரையில் ஒரு கட்டம் வரும், அதை அழுத்த வேண்டும். மேசையைச் சுற்றி ஒவ்வொருவராக அழுத்திப் பார்த்தார்கள். இறால் தண்ணீர் சொட்டியும் எல்லோருக்கும் திறந்தது. அத்தானுக்கு மட்டும் திறக்கவில்லை. விரல் கட்டத்தில் பட்டதுமே நழுவிவிடும். "என்னடா இது, என்னை மட்டும் பிடிக்கலையா உன் மெஷினுக்கு?" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். ஸ்தூரே, "இன்னொரு கிளாஸ் ஊத்துங்கப்பா, கை நின்னுடும்" என்றான். அத்தான் கிளாசைக் கவிழ்த்து வைத்தார், மறுநாள் காலை ஆறு மணிப் படகு அவருடையது.

நான் அவரைச் சமையலறைக்கு அழைத்துப்போய் மறுபடி அழுத்தச் சொன்னேன். ஏழு தடவை. அவர் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அக்கா. அது குடித்த கை இல்லை, குளிரில் விறைத்த கையும் இல்லை. கட்டைவிரல் தானாக ஆடியது. எனக்குத் தெரிந்தது. ஏதோ சரியில்லை என்று நன்றாகவே தெரிந்தது.

அந்த நிமிடமே இன்னொன்றும் தோன்றியது. நழுவுகிற விரலை நழுவவிட்டுவிட்டால் என்ன? அழுத்தத் தேவையில்லை, இழுத்தால் போதும். மடிக்கணினியைத் திறந்து அரை மணியில் நிரலை மாற்றிவிட்டேன். அவரிடம் கொடுத்தேன். திறந்தது. குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். வெளியே எடுத்துப்போய் எல்லோருக்கும் காட்டினார். நீ படம் எடுத்தது அப்போதுதான். எனக்கு அந்தச் சந்தோஷத்தில் கை விஷயம் மறந்துபோனது. அப்படி எழுதினால் பொய். மறக்கவில்லை, ஒதுக்கி வைத்தேன். அடுத்தவர் உடம்பைப் பற்றி நாமாக வாயைத் திறக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். அவர் கரையிறக்கப்பட்டபோது நீ போனில் அழுதாய். அப்போதும் சொல்லவில்லை. சொன்னால், ஒரு வருடம் ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்பாய் என்று பயம்.

நோட்டின் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து இத்துடன் அனுப்புகிறேன். நகல் எடுக்கவில்லை. வழக்கறிஞர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், தேடுகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆய்வறையில் எங்கள் வழக்கப்படி திங்கட்கிழமை யெஸ்பர்தான் அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டான், தேதியோடு. அதாவது அவன் பேருந்துக் கதை பொய் என்பதற்கும், முதலில் செய்தது நான் என்பதற்கும் இருக்கிற ஒரே அத்தாட்சி இப்போது உன் கையில். நீ அதை அடுப்பில் போட்டாலும் நான் ஏன் என்று கேட்கமாட்டேன்.

ஹால்வர்


சோல்னா,
15 ஏப்ரல் 2012

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றுமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? பள்ளிக்குப் போன் செய்து கேட்டேன், நீ வேலைக்கு வருவதாகச் சொன்னார்கள். அந்த மட்டில் நிம்மதி.

விசாரணை மே ஒன்பதாம் தேதி. இதற்காகத் தாளைத் திருப்பி அனுப்பு என்று நான் எழுதவில்லை. தேதியை மட்டும் தெரிவிக்கிறேன்.

உன் தம்பி,
ஹால்வர்


ஸ்வான்ஹோல்மன்,
29 ஏப்ரல் 2012

ஹால்வர்,

உயிரோடு இருக்கிறேன். நீயும் இருப்பாய்.

தாள் வந்த அன்று உன்னை நான் திட்டியது உனக்குக் கேட்டிருக்க வேண்டும். ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் திட்டினேன், பக்கத்து வீட்டுக்காரி வந்து யாரோடு சண்டை என்று கேட்டாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, "அக்கா, அத்தானை டாக்டர்கிட்ட காட்டு" என்று நீ சொல்லியிருந்தால்! அந்த ஒரு வரி எழுத உனக்கு நோட்டில் இடமில்லையா? ஆடுகிற விரலைப் பார்த்துக் கணக்குப் போட உனக்கு எப்படி மனம் வந்தது?

இரண்டு வாரம் இப்படியே போயிற்று. மூன்றாவது வாரம் தாளை மறுபடி படித்தேன். கடைசி வரியை அதுவரை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. உன் கிறுக்கல் கையெழுத்தில், "எ. சோதனையின்போது குடித்திருக்கவில்லை. காலையில் படகு." என்று போட்டிருக்கிறாய். அதன்கீழே யெஸ்பரின் கையெழுத்தும் தேதியும். 2002. ஹால்வர், எட்டு வருடமாக நான் தேடுவது இதைத்தான். இந்தத் தீவில் ஒருவரும் எழுதி வைக்காததை நீ எழுதி வைத்திருக்கிறாய், அவருக்காக இல்லாவிட்டாலும்.

நீ எழுதியதற்குப் பதிலாக நானும் ஒன்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் உன்னைத் திட்டுவதற்கு எனக்கு வாயில்லை.

அலுவலகத்துக்கு யாரோ போன் செய்தார்கள் என்றேனே, அது நான். 2003 அக்டோபர், பள்ளி அடுப்படியிலிருந்து, பெயர் சொல்லாமல். தினமும் காலையில் அந்தப் படகில் முப்பது பிள்ளைகள் வருவார்கள். எஸ்கில் காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்க ஆரம்பித்திருந்தார். நான் வீடு முழுக்கப் போத்தல் தேடினேன். விறகுக் கொட்டகை, படகின் கயிற்றுப் பெட்டி, அவருடைய ரப்பர் காலணிக்குள்கூட. ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததால் இன்னும் உறுதியாக நம்பினேன். நீ பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தாய், நான் ஒன்றையும் பார்க்காமலே பேசிவிட்டேன். அவர் சாகிறவரை இதை அவரிடம் சொல்லவில்லை. இன்றுவரை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

தாளைத் திருப்பி அனுப்புகிறேன். நூலகத்தில் ஒரு நகல் எடுத்துக்கொண்டேன். ஒரே நிபந்தனை. நீதிமன்றத்தில் 'எ.' என்று படிக்காதே. எஸ்கில் ஹெடன்ஸ்கூக் என்று முழுப்பெயரைச் சொல். கடைசி வரியைச் சத்தமாகப் படி.

டீசா


சோல்னா,
20 மே 2012

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் உன்மேல் கோபப்பட வேண்டுமோ என்று யோசித்துப் பார்த்தேன். வரவில்லை. அழுகைதான் வந்தது. நீ சுகமா? தூங்குகிறாயா?

விசாரணையைச் சொல்கிறேன். சின்ன அறை, சன்னல் திறக்க முடியாத கட்டடம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நரைத்த, மரியாதையான மனிதர். நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அந்த விருந்துல நீங்க எத்தனை கிளாஸ் குடிச்சீங்க?"

"நாலு. அஞ்சாகக்கூட இருக்கலாம்."

"அந்த நிலையில எழுதின குறிப்பை நாங்க எப்படி நம்புறது? விரல் நழுவினதா சொல்றீங்களே, அவரும் அதே மேசையிலதானே குடிச்சிட்டிருந்தாரு?"

நான் எழுந்து நின்றேன். நிற்கத் தேவையில்லை என்று வழக்கறிஞர் அம்மாள் சைகை காட்டினார், கண்டுகொள்ளவில்லை. எஸ்கில் ஹெடன்ஸ்கூக் சோதனையின்போது குடித்திருக்கவில்லை, காலையில் படகு, என்று படித்தேன். மொழிபெயர்ப்பாளர் சொன்னார். நீதிபதி அம்மாள் கையை உயர்த்தி, "பேரை இன்னொரு தடவை சொல்லுங்க, பதிவுல சரியா வரணும்" என்றார். எழுத்து எழுத்தாகச் சொன்னேன். தட்டச்சு செய்கிற பெண் அதை அடித்து முடிக்கும்வரை நான் உட்காரவில்லை.

பிறகு அந்த வழக்கறிஞர் விடாமல், "அப்போ இதைக் கண்டுபிடிச்சது யாரு? நீங்களா, அவரா?" என்றார். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒத்திகையே பார்த்து வைத்திருந்தார்கள். "அவர் கை செஞ்சுச்சு, நான் பார்த்து எழுதினேன்" என்றேன். நம் வழக்கறிஞர் அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் நீதிபதி, யார் என்பது இங்கே கேள்வியில்லை, எப்போது, எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதுதான் என்று முடித்துவிட்டார். அந்தக் காப்புரிமை நிற்காது என்று பேசிக்கொள்கிறார்கள். தீர்ப்பு கோடையில்.

மறுநாளே யெஸ்பர், 'தான் கண்டுபிடிக்கவில்லை என்று ஹால்வரே ஒத்துக்கொண்டார்' என்று பத்திரிகையில் சொல்லிவிட்டான். பேருந்துக்காரன் ஜெயித்துவிட்டான். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை, மறைக்கமாட்டேன். மூன்றாவது நாள் மாட்டிறைச்சி வறுவல் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

பதிவின் நகலை உனக்கு அனுப்பியிருக்கிறேன். பெயர் பக்கம் பதினான்கில் இருக்கிறது.

உன் தம்பி,
ஹால்வர்


ஸ்வான்ஹோல்மன்,
24 ஜூன் 2012

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன், தூக்கமும் வருகிறது. பள்ளி விடுமுறை. முழங்காலுக்கும் விடுமுறை கொடுத்திருக்கிறேன்.

உன் பக்கம் பதினான்கையும் என்னிடம் இருந்த நகலையும் எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை படகுத்துறைக்குப் போனேன். மூன்று மணிக்குப் படகுக்காரர்கள் காபி குடிக்கக் கூடுவார்கள் இல்லையா, அங்கே. ஏலக்காய் ரொட்டி ஒரு தட்டு கொண்டுபோனேன், வாயில் ரொட்டி இருந்தால் குறுக்கே பேசமாட்டார்கள். எட்டுப் பேர் இருந்தார்கள். ஸ்தூரே ஓய்வு பெற்று நாலு வருடமாகிறது, இன்னும் தினமும் வந்து அதே நாற்காலியில் உட்கார்கிறான்.

இரண்டு தாளையும் படித்தேன். தேதியைச் சொன்னேன். குடிக்காத கை அது, நீங்கள் ஊதச் சொன்னதற்கு ஒரு வருடம் முன்பே அது நடுங்கியது, ஜெர்மனியில் நீதிபதி பதிவு செய்திருக்கிறார் என்றேன். இப்போதைய கேப்டன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவர் எஸ்கிலைப் பார்த்ததுகூட இல்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாதி உண்மையைச் சொல்லிவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வர எனக்கு மனமில்லை. "அன்னிக்கு ஆபீசுக்குப் போன் பண்ணினது நான்தான்" என்றேன்.

ஸ்தூரே கோப்பையைக் கீழே வைத்தான். "தெரியும் டீசா. போனை எடுத்தது நான்தானே. என் பிள்ளைங்க ரெண்டும் உன் கையாலதானே பள்ளிக்கூடத்துல சாப்பிட்டுச்சு. உன் குரல் எனக்குத் தெரியாதா?"

ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். "எஸ்கில்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். படகு இடிச்ச அன்னிக்குக் கோவத்துல கத்திட்டேன், உன் பொண்டாட்டியே போன் பண்ணிட்டா, நான் என்னடா பண்றதுன்னு."

"அவர் என்ன சொன்னாரு?"

"கயித்தைச் சுத்தி முடிச்சான். அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிய வேண்டாம் ஸ்தூரே, வீட்டுல பேச்சு நின்னுடும்'னான்."

எட்டு ஆம்பளைகள் முன்னால் உட்கார்ந்து நான் அழுதேன், ஹால்வர். வெட்கமே இல்லாமல் அழுதேன். ஐந்து வருடத்துக்கு மேல் அந்த மனிதர் இதை வைத்துக்கொண்டு என்னோடு பேசியிருக்கிறார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, என்ன மீன் வந்திருக்கிறது, யார் வீட்டில் கூரை மாற்றுகிறார்கள் என்று தினமும், ஒரு நாள் விடாமல். கடைசிக் குளிர்காலத்தில் குரல் போய் மூச்சு மட்டும் வந்தபோதும், காதை உதட்டருகே கொண்டுவரச் சொல்லிப் பேசினார். நோயாளிக்குப் பேச்சுத்துணை வேண்டியிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன மடத்தனம்!

உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன், நிறையவே இருக்கிறது. என்மேல் அதைவிட அதிகம். அது தீருகிற அன்றைக்குத் தீரட்டும். அதுவரை ஞாயிறுதோறும் போன் செய், நான் எடுக்கிறேன். சொல்ல ஒன்றும் இல்லாவிட்டால் மழையைப் பற்றியாவது பேசு.

உன் அக்கா,
டீசா